மூலிகைச் சாறும் மருந்தெதிர்ப்புப் பாக்டீரியாவும்: தட்டில் வளையம் தெரிந்தபின் என்ன செய்வது?

#1 கொடிவேலி

கடுக்காய், மாதுளைத் தோல், சித்திரமூல வேர், மருதாணி இலை... எதை எடுத்தாலும் அது எம்.ஆர்.எஸ்.ஏ.வை (மெத்திசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா) தடுத்ததாக ஒரு கட்டுரையாவது கிடைக்கிறது. பாக்டீரியா பரப்பிய அகாரில் (கூழ் போன்ற வளர்ப்பு ஊடகம்) குழி தோண்டிச் சாறு ஊற்றுகிறார்கள், மறுநாள் குழியைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வளையத்தை அளக்கிறார்கள், "புதிய ஆன்டிபயாடிக்குக்கு வாய்ப்புண்டு" என்று எழுதி முடிக்கிறார்கள். அதற்கு மேல் வேலை நகர்வதே இல்லை.

மருத்துவமனையில் ஊசியாகப் போடும் ஆன்டிபயாடிக்குகளைப் பாருங்கள். பெனிசிலின் பூஞ்சையில் கிடைத்தது. வான்கோமைசினும் ஸ்ட்ரெப்டோமைசினும் மண்ணில் வாழும் பாக்டீரியா தந்தவை. சிப்ரோஃப்ளாக்சசின் ஆய்வகத்தில் பிறந்தது. பூக்கும் தாவரத்தை அந்த வரிசையில் காணோம். 2019இல் மட்டும் மருந்தெதிர்ப்பே நேரடிக் காரணமாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. தேவை அவ்வளவு இருந்தும் தாவர வேதியியல் ஏன் இந்த வாசலிலேயே நிற்கிறது?

என் கேள்விகள்: வளையத்தை எவ்வளவு நம்பலாம்? அடர்நிறச் சாற்றுக்கு எம்.ஐ.சி. (குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு) எப்படிப் பார்ப்பது? ஈ.கோலை, சூடோமோனாஸ் மீது ஏன் ஒன்றும் வேலை செய்வதில்லை? முழுச்சாறா, பிரித்தெடுத்த மூலக்கூறா, எதைத் தொடர்வது?

#2 தட்டுக்கணக்கு

வளையம் "ஏதோ இருக்கிறது" என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. வளையத்தின் அகலத்தில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன: பொருளின் வீரியம், அது அகாருக்குள் பரவிய தூரம். உர்சாலிக் அமிலம் போல நீரில் கரையாதது குழியை விட்டு நகராது. வீரியம் இருந்தாலும் வளையம் வராது. சிறிய, நன்றாகக் கரையும் கரிம அமிலம் வீரியமே இல்லாமல் பெரிய வளையம் காட்டும். புளிப்பான காய்களின் சாற்றை pH பார்க்காமல் ஊற்றினால் அளப்பது அமிலத்தன்மையைத்தான். ஊடகம் 7.2 முதல் 7.4 வரை. சாறும் அங்கே வந்தபிறகே சோதனை.

அளவையும் கவனியுங்கள். வான்கோமைசின் வட்டில் 30 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது. 50 மி.கி./மி.லி. சாற்றில் 100 மைக்ரோலிட்டர் ஊற்றினால் குழிக்குள் போவது 5000 மைக்ரோகிராம். 160 மடங்குக்கு மேல் வித்தியாசம். இரண்டு வளையங்களையும் பக்கத்தில் வைத்து "ஆன்டிபயாடிக்குக்கு நிகரானது" என்று எழுதுவது தவறு.

எம்.ஐ.சி. செய்முறை இது. உலர்ந்த சாற்றை டி.எம்.எஸ்.ஓ.வில் (டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பான்) 51.2 மி.கி./மி.லி. ஆகக் கரையுங்கள். அதிலிருந்து 20 மைக்ரோலிட்டர், முல்லர்-ஹின்டன் திரவ ஊடகம் (கால்சியம், மக்னீசியம் அளவு சரிசெய்தது) 980 மைக்ரோலிட்டர். 1024 மைக்ரோகிராம்/மி.லி., 2 சதவீத டி.எம்.எஸ்.ஓ. வரும். 96 குழித் தட்டில் 100 மைக்ரோலிட்டர் வீதம் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போங்கள். பாக்டீரியாவை 0.5 மெக்ஃபர்லாண்ட் (கலங்கலை அளக்கும் அளவுகோல்) கலங்கலுக்குக் கொண்டுவந்தால் மி.லி.க்குச் சுமார் 10 கோடி. அதை 100 மடங்கு நீர்த்து, குழிக்கு 100 மைக்ரோலிட்டர் சேருங்கள். இறுதியில் மி.லி.க்கு 5 லட்சம் செல்கள், சாறு 512இலிருந்து கீழே, டி.எம்.எஸ்.ஓ. அதிகபட்சம் 1 சதவீதம். 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம்.

செல் எண்ணிக்கையைக் கண்ணளவில் விடாதீர்கள். கலங்கல் சரியாக இருந்தும் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறைந்தால் சுமாரான சாறுகூட அற்புதமாகத் தெரியும். சேர்த்த உடனே, சாறு இல்லாமல் பாக்டீரியா மட்டும் உள்ள வளர்ச்சிக் குழியிலிருந்து எடுத்து நீர்த்து அகாரில் பரப்பி எண்ணிவிடுங்கள்.

முழுச்சாறு 100 மைக்ரோகிராம்/மி.லி. அல்லது அதற்குக் கீழே தடுத்தால் தொடரலாம். தனி மூலக்கூறாக இருந்தால் 10க்குக் கீழே வேண்டும். 1 மி.கி./மி.லி.க்கு மேல்தான் வேலை செய்கிறது என்றால் அடுத்த தாவரத்துக்குப் போவதே நல்லது.

#3 நீலக்குழி

அடர்நிறச் சாற்றில் கலங்கல் தெரியாத பிரச்சினைக்கு எல்லாரும் ரெசசூரின் சாயம் போடச் சொல்வார்கள்: உயிர் இருந்தால் நீலம் இளஞ்சிவப்பாகும். தாவரச் சாற்றில் இது ஏமாற்றும். பாலிஃபீனாலும் அஸ்கார்பிக் அமிலமும் பாக்டீரியா இல்லாமலே சாயத்தை ஒடுக்கிச் சிவப்பாக்கிவிடும். அதனால் ஒவ்வொரு செறிவுக்கும் சாறு மட்டும் உள்ள, பாக்டீரியா சேர்க்காத ஒரு குழி கட்டாயம். அந்தக் குழியே சிவந்தால் அந்தச் சாற்றுக்குச் சாயத்தை விட்டுவிடுங்கள்.

அப்போது நேரான வழி: குழிக்கு 10 மைக்ரோலிட்டர் எடுத்து அகாரில் சொட்டு வைத்து, மறுநாள் வளர்ச்சியைப் பாருங்கள். கொல்கிறதா, தடுத்து மட்டும் வைக்கிறதா என்பதும் இதிலேயே பிடிபடும். செல்கள் 99.9 சதவீதம் குறைந்த செறிவுதான் கொல்லும் செறிவு. ஆனால் நேராகச் சொட்டினால் சாறும் கூடவே அகாருக்கு வந்து, உயிரோடிருக்கும் செல்லையும் வளரவிடாது. 10 மடங்கு, 100 மடங்கு நீர்த்த சொட்டுகளையும் பக்கத்திலேயே வையுங்கள். நீர்த்த சொட்டில் வளர்ச்சி, நீர்க்காததில் இல்லை என்றால் சாறு கூடவே வந்திருக்கிறது.

தாவர வாசனை எண்ணெய்களுக்கு இது போதாது. அவற்றிலுள்ள தைமாலும் கார்வக்ராலும் ஆவியாகிப் பக்கத்துக் குழிக்குப் போய் அங்குள்ளதையும் கொல்லும். தட்டைப் படலத்தால் மூடி ஒட்டுங்கள். ஒரே தட்டில் எண்ணெய்க்கு அடுத்து வளர்ச்சிக் கட்டுப்பாட்டு வரிசையை வைக்காதீர்கள்.

#4 பிரிகை

எம்.ஐ.சி. 64 வந்துவிட்டது என்று உடனே சிலிக்கா கம்பத்தில் (சாற்றிலுள்ள பொருள்களைப் பிரிக்கும் குழாய்) ஏற்றாதீர்கள். எது கொல்கிறது என்று முதலில் கேளுங்கள். திரும்பத் திரும்ப நேரத்தைத் தின்பவை நான்கு.

டானின். துவர்ப்புத் தரும் இந்தப் பொருள் புரதத்தோடு ஒட்டி ஊடகத்தின் சத்தையும் பாக்டீரியாவின் மேற்பரப்புப் புரதத்தையும் சேர்த்துத் திரள வைக்கும். 100 மி.கி. பாலிவினைல் பாலிபைரோலிடோன் தூளில் 1 மி.லி. நீரும் 1 மி.லி. சாறும் சேர்த்துக் குலுக்கி, 4 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, மையவிலக்கில் சுற்றுங்கள். மேல்நீரை மறுபடி சோதியுங்கள். செயல் போய்விட்டால் டானின்தான் என்று முடிவு கட்ட வேண்டாம், சில ஃபிளேவனாய்டுகளையும் அந்தத் தூள் பிடித்துக்கொள்ளும். செயல் மிஞ்சினால் மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: உள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

கொழுப்பு அமிலம். ஹெக்சேன் பிரிவு (ஹெக்சேன் கரைப்பானில் இறங்கிய பகுதி) ஸ்டாஃபிலோகாக்கஸைக் கொன்று, ஈ.கோலையைத் தொடாமல் விட்டால் லினோலெயிக், ஓலெயிக் அமிலங்களைச் சந்தேகியுங்கள். ஊடகத்தில் 10 சதவீதம் சீரம் சேர்த்து எம்.ஐ.சி.யை மறுபடி பாருங்கள். ஆல்புமின் கொழுப்பு அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும். செறிவு பல மடங்கு ஏறிவிடும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு. கேலிக் அமிலமும் தேயிலையின் ஈ.ஜி.சி.ஜி. என்ற பாலிஃபீனாலும் ஊடகத்திலேயே காற்றோடு வினைபுரிந்து பெராக்சைடு உண்டாக்கும். கேட்டலேஸ் (பெராக்சைடை உடைக்கும் நொதி) சேர்த்து ஒரு வரிசை, கொதிக்கவைத்துச் செயலிழந்த கேட்டலேஸோடு ஒரு வரிசை. முதலாவதில் மட்டும் பாக்டீரியா வளர்ந்தால், நீங்கள் பிடித்தது பெராக்சைடு.

வெளிச்சம். பச்சையம் சிதைந்த ஃபியோஃபோர்பைடு ஒளி பட்டால் செல்லைக் கொல்லும். இலைச்சாறாக இருந்தால் ஒரு தட்டை அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள்.

இந்த நான்குக்கும் சேர்த்து இரண்டு நாள் போதும். தவிர்த்தால் ஒரு வருடம் பிரித்துவிட்டுக் கடைசியில் லினோலெயிக் அமிலத்தில் வந்து நிற்க நேரும்.

#5 கொடிவேலி

நன்றி. இரண்டு சந்தேகம். கடுக்காய் போல டானின் நிறைந்த தாவரங்களை அப்படியே ஒதுக்கிவிட வேண்டுமா? முழுச்சாற்றில் இருந்த செயல் பிரித்தபின் எந்தப் பிரிவிலும் இல்லை என்றால் என்ன அர்த்தம்?

#6 பிரிகை

ஒதுக்க வேண்டாம், இடம் மாற்றுங்கள். டானின் குடலைத் தாண்டி முழுதாக இரத்தத்துக்குப் போவதில்லை. எலாஜிடானின்களைக் குடல் பாக்டீரியா உடைத்து யூரோலித்தின்களாக்கிவிடும். புண்ணின் மேல், வாய்க்குள் என்றால் பேச்சு வேறு. இரத்தத் தொற்றுக்கான மருந்தாக அதைத் தேடுவதுதான் வீண்.

இரண்டாவதற்கு முதலில் தராசு. உதாரணத்துக்கு 1 கிராம் சாற்றை ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், பியூட்டனால், நீர் என்று பிரித்தால் நான்கின் எடையும் சேர்ந்து 950 மி.கி. அளவுக்காவது வர வேண்டும். 700தான் வந்தால் செயலைத் தேடுமுன் எடையைத் தேடுங்கள். எடை சரியாக இருந்தால் நான்கையும் பழைய விகிதத்தில் மறுபடி கலந்து சோதியுங்கள். செயல் திரும்பினால் இரண்டு மூன்று பொருள்கள் கூடி வேலை செய்கின்றன. திரும்பாவிட்டால் வழியில் சிதைந்திருக்கிறது. சிலிக்காவின் அமிலத்தன்மை, ஆவியாக்கியின் சூடு, ஒளி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிலிக்காவில் பாலிஃபீனால் இறங்காமல் ஒட்டிக்கொள்ளும். அதற்கு செஃபாடெக்ஸ் எல்.எச்.-20 என்ற பிரிப்புப் பொருள் நல்லது.

எந்தப் பிரிவைத் தொடர்வது என்பதற்கு எம்.ஐ.சி. மட்டும் போதாது. பிரிவின் எடையை எம்.ஐ.சி.யால் வகுங்கள். 200 மி.கி. பிரிவு, எம்.ஐ.சி. 0.1 மி.கி./மி.லி. என்றால் 2000 மி.லி. அதாவது அந்தப் பிரிவை 2 லிட்டர் வரை நீர்த்தாலும் தடுக்கும். 5 மி.கி. மட்டுமே கிடைக்கும் பிரிவின் எம்.ஐ.சி. 0.02 என்றாலும் 250 மி.லி.தான்.

சூடு பற்றி ஒரு வார்த்தை. மலேரியா மருந்து ஆர்ட்டெமிசினின் கதையில் திருப்பம் அங்கேதான் வந்தது. பழைய சீனக் குறிப்பு இலையைக் கொதிக்கவைக்கச் சொல்லவில்லை, நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்னது. து யூயூ குழு குறைந்த வெப்பத்தில் ஈதரால் எடுத்ததும் செயல் நிலைத்தது. 2015இல் நோபல் பரிசு. பூண்டும் அப்படித்தான். நசுக்கினால்தான் அல்லினேஸ் நொதி அல்லினை அல்லிசினாக்கும். முழுப்பல்லை வேகவைத்தபின் நசுக்கினால் நொதி செத்திருக்கும், அல்லிசின் பிறக்காது. நிழலில் அல்லது 40 டிகிரிக்குள் உலர்த்துங்கள், ஆவியாக்கியையும் 40ஐத் தாண்ட விடாதீர்கள்.

#7 வெளிச்சவ்வு

கிராம்-எதிர் பாக்டீரியா (வெளியே இன்னொரு சவ்வு கொண்ட ஈ.கோலை, சூடோமோனாஸ் போன்றவை) பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஈ.கோலைக்கு இரட்டைக் காவல். வெளிச்சவ்வின் லிப்போபாலிசாக்கரைடு நீர்வெறுக்கும் மூலக்கூறுகளை உள்ளே விடாது. தப்பி நுழைந்ததை ஏசிஆர்ஏபி-டோல்சி பம்பு வெளியே தள்ளிவிடும். தாவர மூலக்கூறு வீரியமற்றது என்று பல நேரம் நாம் எழுதுவது தவறு. உள்ளே தங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எது என்று பிரித்தறிய மூன்று வரிசை போதும்: சாதாரண ஈ.கோலை, டோல்சி மரபணு நீக்கிய ஈ.கோலை, பாலிமிக்சின் பி நோனாபெப்டைடு சேர்த்துச் சவ்வைத் தளர்த்திய சாதாரண ஈ.கோலை. இரண்டாவதில் எம்.ஐ.சி. சரிந்தால் பம்பு காரணம், மூன்றாவதில் சரிந்தால் சவ்வு காரணம்.

மர மஞ்சளின் பெர்பெரின் இதற்கு நல்ல பாடம். தனியாக ஸ்டாஃபிலோகாக்கஸ் மீது அது பலவீனம், அந்தப் பாக்டீரியாவின் நார்ஏ பம்பு அதைத் துப்பிவிடும். ஆனால் பெர்பெரிஸ் இனச் செடிகளே 5'-மெத்தாக்சிஹிட்னோகார்பின் என்ற இன்னொரு பொருளையும் செய்கின்றன. அதற்குத் தனியே பாக்டீரியாவைத் தடுக்கும் ஆற்றல் இல்லை. நார்ஏவை அடைப்பது மட்டுமே அதன் வேலை. 2000இல் ஸ்டெர்மிட்ஸ் குழு இதை வெளியிட்டது. இரண்டும் சேர்ந்தால்தான் பெர்பெரின் ஆயுதம். பெர்பெரினை மட்டும் தூய்மையாக்கி எம்.ஐ.சி. பார்ப்பவர் அந்தச் செடியைத் தவறாக மதிப்பிட்டுவிடுவார்.

மிளகின் பைப்பரினும் நார்ஏவை அடைத்து சிப்ரோஃப்ளாக்சசினின் எம்.ஐ.சி.யைக் குறைக்கிறது. சோதிக்க நார்ஏ மிகையாக வெளிப்படும் ஸ்டாஃபிலோகாக்கஸின் 1199பி விகாரமும் (பாக்டீரியாவின் ஒரு தனி வகை) அதன் மூலமான 1199உம் சேர்த்து வேண்டும். 1199பியில் மட்டும் பெரிய மாற்றம் என்றால் பம்பு வழிதான்.

#8 பழஞ்சுவடி

இங்கேதான் எனக்கு மாறுபாடு. எல்லாரும் ஒரே மூலக்கூறை நோக்கி ஓடுகிறீர்கள். இங்கிலாந்தில் 10ஆம் நூற்றாண்டு மருத்துவச் சுவடியில் ஒரு கண்மருந்து உண்டு. பூண்டும் அதன் இனக் கிழங்கு ஒன்றும் சம அளவு, திராட்சை மது, மாட்டுப் பித்தம். 9 இரவு வைத்து வடிகட்ட வேண்டும். 2015இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் அதை எழுதியபடியே செய்து ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் உயிர்ப்படலத்தின் (பாக்டீரியா ஒட்டிச் சேர்ந்து உருவாக்கும் படலம்) மேல் போட்டார்கள். கொன்றது. 2020இல் வார்விக்கில் தொடர்ந்த ஆய்வில், தனித்து மிதக்கும் செல்களைக் கொல்வதற்கு அல்லிசின் காரணமாக இருக்கலாம், ஆனால் உயிர்ப்படலத்தின் மேல் பூண்டு மட்டும் பலிக்கவில்லை, கூட்டு முழுதாக வேண்டும் என்று கண்டார்கள். பிரித்திருந்தால் இது கிடைத்தே இருக்காது.

#9 தட்டுக்கணக்கு

@பழஞ்சுவடி, சொல்வதை ஏற்கிறேன். ஆனால் "கூட்டு முக்கியம்" என்பதை எண்ணில் காட்ட வேண்டும். அதற்குத்தான் சதுரங்கக் கட்டச் சோதனை. ஒரு பக்கம் ஆன்டிபயாடிக், மறுபக்கம் சாறு, இரண்டும் பாதி பாதியாகக் குறையும்.

உதாரணக் கணக்கு: ஆக்சசிலினின் (பெனிசிலின் வகை ஆன்டிபயாடிக்) எம்.ஐ.சி. தனியாக 64, சாற்றோடு 8. 8/64 = 0.125. சாறு தனியாக 256, ஆக்சசிலினோடு 32. 32/256 = 0.125. கூட்டினால் 0.25. 0.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் கூட்டாற்றல், 4க்கு மேல் போனால் ஒன்றையொன்று முறிக்கிறது, நடுவில் இருந்தால் உறவு இல்லை. 0.5க்கும் 0.6க்கும் நடுவே சண்டை போடாதீர்கள். இந்தச் சோதனையில் ஒரு குழி முன்பின் ஆவது இயல்பு. மூன்று தனித்தனி நாளில் செய்து, 24 மணி நேரக் கொல்திறன் வளைவில் 100 மடங்கு கூடுதல் குறைவு தெரிந்தால்தான் கூட்டாற்றல் என்று எழுதுவேன்.

எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு ஆக்சசிலின் பார்க்கும்போது ஊடகத்தில் 2 சதவீதம் உப்பு, முழு 24 மணி நேரம், 35 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. 37இல் வைத்தால் எதிர்ப்பு சரியாக வெளிப்படாது. மருந்து வேலை செய்ததாகத் தோன்றும், பெயர் சாற்றுக்குப் போய்விடும்.

#10 நச்சளவு

எல்லாரும் பாக்டீரியாவையே பார்க்கிறீர்கள். மனித செல்லில் பாதியைக் கொல்லும் செறிவை எம்.ஐ.சி.யால் வகுத்தால் குறைந்தது 10 வர வேண்டும். சித்திரமூலத்தின் பிளம்பாஜின் பாக்டீரியாவை நன்றாகவே தடுக்கும், ஆனால் நம் செல்லையும் விடாது. சப்போனின் நிறைந்த சாறு சிவப்பணுவை உடைக்கும். 2 சதவீத சிவப்பணுக் கலவையில் 1 மணி நேரம் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். நீலக்குழி ரெசசூரினுக்குச் சொன்ன எச்சரிக்கை செல் சோதனையின் எம்.டி.டி. சாயத்துக்கும் அப்படியே பொருந்தும்: பாலிஃபீனால் அதையும் ஒடுக்கும், செத்த செல் உயிரோடிருப்பதாகக் காட்டும். சாயம் சேர்க்குமுன் சாற்றைக் கழுவி எடுத்துவிடுங்கள்.

பைப்பரின் பம்பை மட்டும் அடைப்பதில்லை, கல்லீரலின் சிஒய்பி3ஏ4 நொதியையும் தடுக்கும். கூடவே சாப்பிடும் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறும். ஹைப்பெரிகம் செடியின் ஹைப்பர்ஃபோரின் எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு எதிராக 1 மைக்ரோகிராம்/மி.லி. அளவிலேயே செயல்படும், ஆனால் அதே நொதியைத் தூண்டி மற்ற மருந்துகளைச் செயலிழக்க வைக்கும்.

#11 ஊசியிலை

எம்.ஐ.சி.யே காட்டாத சாற்றையும் தூக்கிப் போடாதீர்கள். ஐரோப்பியச் செஸ்ட்நட் இலையிலிருந்து எமரி பல்கலைக்கழகத்தின் காசண்ட்ரா குவேவ் குழு 2015இல் வெளியிட்ட பிரிவு ஸ்டாஃபிலோகாக்கஸின் வளர்ச்சியைத் தடுப்பதே இல்லை. அவை தமக்குள் பேசும் ஏஜிஆர் அமைப்பை அடைத்து நஞ்சு சுரப்பதை நிறுத்துகிறது. வளையச் சோதனையில் இது பூச்சியம். பார்க்கும் முறை: எம்.ஐ.சி. இருந்தால் அதன் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே வளர்த்து, வளர்ச்சிக் கோடு கட்டுப்பாட்டோடு ஒன்றிப்போவதை முதலில் உறுதிசெய்து, பிறகு வடிநீரை முயல் சிவப்பணுவில் சோதிப்பது. வளர்ச்சி சற்றே குறைந்தாலும் நஞ்சு குறைந்ததற்கு அர்த்தமில்லை, செல்லே குறைவு.

#12 வேர்த்தூள்

யாரும் தொடாத ஒன்று: செடி அதுதானா? தூளாக வந்ததை நம்பாதீர்கள். பூவோடு சேகரித்து உலர்தாவரத் தாளில் ஒட்டி எண் வாங்குங்கள். பாகம், மாதம், உலர்த்திய முறை குறித்து வையுங்கள். தூள்தான் கிடைக்கும் என்றால் ஐ.டி.எஸ்.2 டி.என்.ஏ. பட்டையால் (செடியை அடையாளம் காட்டும் டி.என்.ஏ. பகுதி) சரிபாருங்கள். 1990களில் பெல்ஜியத்தில் ஸ்டெஃபானியா வேருக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா கலந்து போய்ப் பலருக்குச் சிறுநீரகம் அழிந்தது.

#13 இளந்தளிர்

ஆய்வகம் இல்லாதவர்கள் இதை வைத்து என்ன செய்யலாம்? சிறுநீர்த் தொற்றுக்கு ஆன்டிபயாடிக்குக்குப் பதில் மூலிகை என்று பலரும் கேட்கிறார்கள்.

#14 நச்சளவு

பதிலாக வேண்டாம். கரடித்திராட்சை இலையை (ஊவா உர்சி) ஜெர்மனியில் ஃபாஸ்ஃபோமைசினோடு ஒப்பிட்டு முறையாகச் சோதித்தார்கள். ஆன்டிபயாடிக் பயன்பாடு குறைந்தது, ஆனால் நோயாளிகளின் உபாதை கூடுதலாக இருந்தது. கிரான்பெர்ரி வேறு வகை: அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு வராமல் தடுக்க உதவுகிறது, வந்ததைக் குணப்படுத்தாது. காய்ச்சலோ விலாவலியோ இருந்தால் அன்றே மருத்துவர். எம்.ஆர்.எஸ்.ஏ.வை வீட்டில் வளர்த்துப் பார்ப்பது எந்த நிலையிலும் கூடாது. இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகத்தில் மட்டும்.

#15 கொடிவேலி

முதல் தட்டு இப்படி: 1 முதல் 9 வரை நெடுவரிசை 512இலிருந்து 2 வரை. 10 டி.எம்.எஸ்.ஓ. 1 சதவீதம், 11 பாக்டீரியா மட்டும், 12 வெற்று ஊடகம். கிடைவரிசையில் மூன்று சாறு, ஒன்று பாக்டீரியா இல்லாத சாறு, இரண்டு டானின் நீக்கியது, ஒன்று கேட்டலேஸ், கடைசியில் வான்கோமைசின். பாக்டீரியா ஏ.டி.சி.சி. 29213 (தரச் சோதனைக்கான ஸ்டாஃபிலோகாக்கஸ்), அடுத்த தட்டில் 43300 (எம்.ஆர்.எஸ்.ஏ.). குறை இருந்தால் சொல்லுங்கள்.

#16 தட்டுக்கணக்கு

மூன்று திருத்தம். வான்கோமைசினை 512இல் தொடங்காதீர்கள். நீரில் கரைத்து 16இலிருந்து 0.06 வரை. 29213இல் அது 0.5க்கும் 2க்கும் நடுவே வராவிட்டால் அன்றைய தட்டு முழுதும் செல்லாது. வான்கோமைசினை முழு 24 மணி நேரத்தில் படியுங்கள்.

டானின் நீக்குவதை டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்தபின் செய்ய முடியாது, தூள் சரியாகப் பிடிக்காது. உலர்த்துமுன் நீர்ச்சாற்றிலேயே நீக்கி, உலர்த்தி, மறுபடி எடைபோட்டுக் கரையுங்கள்.

செயலிழந்த கேட்டலேஸ் வரிசை விட்டுப்போயிருக்கிறது. டானின் நீக்கியதில் ஒரு வரிசையை அதற்குக் கொடுங்கள். ஓரக் குழிகள் காய்ந்து செறிவு ஏறும். தட்டை ஈரத்தாள் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக நான்குக்கு மேல் அடுக்காதீர்கள்.